பீப்பாயின் வயது

போர்பன் விஸ்கியின் வயதைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ருசியின் சரித்திரமாகவே சொல்லிவருகிறார்கள். பாதிக்கு மேல் அது வரியின் சரித்திரம் என்பது என் கட்சி. வங்கியில் தவணையும் கெடுவும் எழுதிப் பிழைக்கிறவன் கண்ணில் இது சுலபமாகப் படுகிறது.

அமெரிக்காவில், பெரும்பாலும் கெண்டக்கியில், பாதிக்கு மேல் மக்காச்சோளம் சேர்த்து வடிக்கும் சரக்கு இது. உட்புறம் கருக்கிய புது ஓக் மரத்தில் ஊற வேண்டும். 1897ல் வந்த சட்டம், ஒரே பருவத்தில் ஒரே ஆலையில் வடித்து, 4 வருஷமாவது சர்க்கார் பூட்டுக்குள் இருந்த சரக்குக்கு உத்தரவாதம் அளித்தது. பச்சைச் சாராயத்தில் நிறம் கலந்து விஸ்கி என்று விற்ற காலம் அது. வயது அப்போது நாணயத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். மேன்மைக்கு அல்ல.

பூட்டுக்குள் இருக்கும்வரை வரி இல்லை. ஆனால் 8 வருஷம் கெடு. அதற்குமேல் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். 1950ல் கொரிய யுத்தம் மூண்டதும், வடிப்பதே நின்றுபோகும் என்று கணக்குப் போட்டு, ஷென்லி கம்பெனியின் லூயிஸ் ரோஸன்ஸ்டீல் மலைமலையாக வடித்துச் சேர்த்தார். 1953ல் சண்டை ஓய்ந்துவிட்டது. சரக்கு தங்கிவிட்டது, கெடு நெருங்கியது. 1958ல், அவர் தரப்பின் வற்புறுத்தலில், கெடு 20 வருஷமாயிற்று. விலைபோகாத சரக்கு 'முதிர்ந்த' சரக்காக மாறிய விதம் இதுதான். (நம் பழம்பெருமைகள் சிலவற்றுக்கும் இப்படிக் கிடங்குச் சரித்திரம் இருக்கலாம்.) 1970களில் அமெரிக்கர்கள் வோட்கா பக்கம் சாய்ந்தபோது இன்னும் பீப்பாய்கள் தேங்கின, அவற்றில் சில பிற்பாடு காவியங்களாயின.

ருசி பொய் என்று சொல்ல வரவில்லை. ஒரு நண்பர் தயவில் 6 வருஷச் சரக்கையும் 15 வருஷச் சரக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பதினைந்தின் வாசனை அபாரம்: காய்ச்சிக் கருகவிட்ட சர்க்கரை, வெனிலா, வெகுநாள் திறக்காத மர பீரோ. நாக்கில் பட்டதும் இனிப்பு ஒரு கணம். பின் கடுக்காய்த் துவர்ப்பு, போகமாட்டேன் என்கிறது. கெண்டக்கிக் கோடை சாராயத்தை மரத்துக்குள் தள்ளுகிறது, குளிர்காலம் திரும்ப இழுக்கிறது. வருஷா வருஷம் ஒரு பங்கு ஆவியாகிறது, மரத்தின் பங்கு கூடுகிறது. ஸ்காட்லாந்தின் குளிரில், ஏற்கெனவே உபயோகித்த பீப்பாயில், இதே வயதுக்கு அர்த்தமே வேறு. எண்ணை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறவர்கள் துவர்ப்பை 'ஆழம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆறில் தானியம் இன்னும் உயிரோடு இருந்தது. கொஞ்சம் முரடு, ஆனால் சோளம் சோளமாகவே பேசியது. அந்தப் புட்டிதான் முதலில் காலியாயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் பதினைந்தின் லேபிலைத் திருப்பிப் பார்த்துப் புகழ்ந்துவிட்டு, இரண்டாவது ரவுண்டுக்கு ஆறைத்தான் கேட்டார்கள்.