சட்டத்தின் ஏடும் தரத்தின் விலையும்

பதினைந்தாம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தான்களின் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற 'உண்டாங் உண்டாங் மலாக்கா' என்னும் சட்டநூல் அச்சு இயந்திரம் இன்றியே நாடெங்கும் பரவிற்று. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதப்பட்டது. பகாங், ஜொகூர், கெடாச் சட்டங்கள் அதிலிருந்து எடுத்தாண்டன. படியெடுக்கப்பட்டதே அந்நூல் வாழ்ந்த வழியாகும்.

அதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல் டான் சே யான் இரப்பர்க் கன்றுகளை ஊன்றினார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் தமிழர் லயங்கள் எழுந்தன. லயத்து வீடு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை 1966-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டம் வகுத்தது. அதனை அடுத்து வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகள் காப்பகம், மருத்துவ வசதி, பயிரிட நிலம் ஆகியவற்றையும் சேர்த்துரைத்தது. இங்கே தரம் சட்டத்திலும் அதன் விதிகளிலுமே எழுதப்பட்டது. அத்தகைய வாசகங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 'இலக்கியப் படைப்பு' என்னும் வரையறையினின்று விலக்கியுள்ளது. தொழிலாளியோ ஆசிரியரோ எவரும் தடையின்றிப் படியெடுக்கலாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியும் போகவே, தமிழர் பலர் நகர்ப்புறம் சேர்ந்தனர். அங்கே நிலைமை வேறு. 1984-ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட விதிகள், சுவர் எத்தனை மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்பதைச் சொல்லும். அத்தாங்குதிறனைச் சோதித்தறியும் முறைக்கோ 'பிரிட்டிஷ் தரம் 476' என்று சுட்டிவிடும். அத்தரநூல் பிரிட்டிஷ் தர நிறுவனத்தின் பதிப்புரிமைக்கு உட்பட்டது, விலைக்கே கிடைப்பது. கட்டட வரைஞருக்கு அது தொழிற்செலவு. ஐந்தடி வீட்டுக்காரர் என் செய்வார்?

தர நிறுவனத்தாரின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது. வல்லுநர் குழுக்களைக் கூட்டித் தரங்களை ஆக்கவும் திருத்தவும் ஆகும் செலவை விற்பனை வருவாயே பெரிதும் ஈடுசெய்கிறது என்பர்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் அன்னா, சவோய் என்னும் சிற்றூர்கள், தனியார் அமைப்பொன்று ஆக்கிய மாதிரிக் கட்டட விதிகளைத் தம் சட்டமாக ஏற்றன. பீட்டர் வீக் என்பார் அவற்றை விலைக்கு வாங்கி, பொதுமக்கள் காண வெளியிட்டார். வழக்கு மூண்டது. 2002-இல் மேல்முறையீட்டு மன்றம், சட்டமாகிவிட்ட வாசகம் எவருக்கும் தனியுடைமையன்று எனத் தீர்த்தது. ஆயினும், சட்டம் வெறுமனே சுட்டிச் செல்லும் தரங்களை அது வேறாகவே வைத்தது. மலாக்கா நகர வீட்டுச் சுவரின் நிலை இப்பிந்திய வகையைச் சார்ந்தது.

2024 மார்ச் 5-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு படி முன்சென்றது. விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புத் தரங்கள் ஒன்றியச் சட்டத்தின் பகுதியே. ஆதலின் அவற்றைக் காணும் உரிமை மக்களுக்கு உண்டு என்றது. பதிப்புரிமை நிலைக்குமா என்னும் வினாவிற்கு மட்டும் அது விடை கூறவில்லை.