யாருமே எழுதாத 38 ரூபாய்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பேத்தி புள்ளியியல் பாடத்தோடு வந்தாள். கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு. "சூத்திரம் தெரியும் தாத்தா, எதுக்குன்னுதான் தெரியல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 1984-இல் என் வகுப்பில் ஒரு பையன் ஏறக்குறைய இதையே கேட்டான்.

அந்த வருடம் மாமல்லபுரம் சுற்றுலாவுக்கு, வீட்டில் எவ்வளவு தர முடியும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். 40 பேர். வட்டமாகச் சொன்னால், 36 பேர் 20 ரூபாய் எழுதினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் 4 பேர் 200 எழுதினார்கள். மொத்தம் 1520, சராசரி 38. கரும்பலகையில் பெருமையாகப் போட்டுக் காட்டி, "ஆளுக்கு 38 ரூபாய்" என்று அறிவித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், 38 ரூபாய்னு யாருமே எழுதலையே சார்?" என்றான். "கணக்கு சரிதான், உட்காரு" என்றேன். சுற்றுலா அன்று பாதி பஸ் காலி. அவனும் வரவில்லை.

அவன் கேள்விக்குப் பதில் சரித்திரத்தில் ஏற்கெனவே இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

1906-இல் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு போட்டி. ஒரு காளையை அறுத்துச் சுத்தம் செய்தால் இறைச்சி எத்தனை பவுண்டு தேறும் என்று ஆறு பென்ஸ் கட்டி ஊகித்து எழுத வேண்டும். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் அந்தச் சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். படிக்க முடியாதவை போக 787 சீட்டுகள். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நின்றதைப் பார்த்தார்: 1207. உண்மை எடை 1198 என்று 1907-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். சராசரி எடுத்தால் எவனோ ஒருவனின் தாறுமாறான ஊகம் மொத்தத்தையும் இழுத்துவிடும். நடு எண்ணில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால், பிறகு சராசரியையும் போட்டுப் பார்த்தபோது 1197 வந்தது. அங்கே சராசரிதான் இன்னும் நெருக்கம்! எது பொருந்தும் என்பது எண்கள் எப்படிப் பரவி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. என் வகுப்புச் சீட்டுகளில் நடு எண் 20. அதைப் பார்த்திருந்தால் பஸ் நிறைந்திருக்கும்.

அடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் அன்ஸ்கோம். 1973-இல் நான்கு எண் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்குக்கும் சராசரி ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாய்வாகச் சிதறும், ஒன்று வளையும், ஒன்று நேர்கோடாகப் போய் ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகும், இன்னொன்று செங்குத்தாக அடுக்கி நிற்க ஒரு புள்ளி மட்டும் தூரப் போகும். கம்ப்யூட்டர் கணக்கும் போட வேண்டும், படமும் வரைய வேண்டும் என்று அன்றே வலியுறுத்தினார் மனிதர். நம் பள்ளியிலோ சாக்பீஸ்தான். ஒரு எண்ணை மாற்றினால் முழுக் கணக்கையும் அழித்துத் திரும்பப் போட வேண்டும். எத்தனை முறை போடுவது?

அந்தத் தடை இன்று இல்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவர் 2001-இல் தன் ஆய்வுக்காகத் தொடங்கியது ஜியோஜீப்ரா. மாணவர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம், போனிலேயே ஓடும். அதில் பேத்திக்கு ஐந்து ஸ்லைடர்கள் போட்டு, எல்லாவற்றையும் 20-இல் நிறுத்தினேன். சராசரி 20, நடு எண் 20. "கடைசியை 200-க்கு இழுக்கப் போறேன். என்ன ஆகும்னு முதல்ல நோட்டுல எழுது" என்றேன். இரண்டுமே ஏறும் என்று எழுதினாள். இழுத்தாள். சராசரி 56-க்கு ஓடியது, நடு எண் 20-ஐ விட்டு அசையவில்லை. அதையே பூஜ்யத்துக்கு இறக்கினாள். சராசரி 16, நடு எண் அதே 20. கொஞ்ச நேரம் இழுத்து இழுத்துப் பார்த்தவள், "தாத்தா, ஒருத்தர் பணக்காரரா ஆனா எல்லாருமே ஆன மாதிரி காட்டுது" என்றாள். 34 வருட ஆசிரியப் பணியில் நான் ஒரு வகுப்பிலும் சொல்லாத வாக்கியம் அது.

பிள்ளைகள் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனைக் கொடுக்கும் முன் பேப்பரைக் கொடுங்கள். எண்களை அவர்களே சேகரிக்கட்டும்: தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர், வகுப்பில் யார் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள். இழுக்கும் முன் என்ன ஆகும் என்று ஊகித்து எழுதட்டும். ஊகிக்காமல் இழுத்தால் அது வெறும் விளையாட்டு. ஊகம் தப்பினால்தான் பாடம் ஏறும்.

கடைசி பெஞ்சுத் தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. யாருமே 38 எழுதவில்லை என்று நீ சொன்னது சரி. அன்று உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்தான். மாமல்லபுரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வா, சேர்ந்து போவோம். செலவு என்னுடையது.