பற்சக்கரம் இல்லாத ரயில்: தோற்றுப்போனதா, காத்திருந்ததா?



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிவம் 4 மாணவன் ஒருவன் 'அறிவியல் வளர்ச்சி' என்ற கட்டுரையில், "பயனற்ற பழைய கண்டுபிடிப்புகள் அழிந்தன, சிறந்தவை நிலைத்தன" என்று எழுதியிருந்தான். நல்ல வாக்கியம் என்று சிவப்பு மையில் சரி போட்டேன். சில வாரங்கள் கழித்துக் கோலாலம்பூருக்குச் சுற்றுலா போனோம். பாசார் செனி நிலையத்தில் அதே மாணவன் கீழே கைகாட்டி, "சார், தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு தகடு நீளமா போகுதே, எதுக்கு? நம்ம பட்டர்வொர்த் ஸ்டேஷன்ல அப்படி இல்லையே?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பாகான் டாலாம் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். நான் போட்ட சரி தவறு என்பது அப்போதுதான் புரிந்தது.

நமக்குத் தெரிந்த இ.டி.எஸ். ரயிலிலிருந்தே தொடங்குவோம். 2015 ஜூலை முதல் அது பட்டர்வொர்த் வந்து போகிறது. அதன் மின்மோட்டார் வேகமாகச் சுழலும். சக்கரம் அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டியதில்லை. இடையில் உள்ள பற்சக்கரங்கள், அதாவது கியர், மோட்டாரின் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டுகின்றன. அதனால் சிறிய மோட்டாரே பெரிய ரயிலை இழுத்துவிடுகிறது. ஆனால் கியருக்கு எண்ணெய் போட வேண்டும், அது தேயும், சத்தமும் போடும். 'இந்த கியரே இல்லாமல் ஓட்டினால் என்ன?' என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

1890-இல் லண்டனில் சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே திறக்கப்பட்டது. ஆழமான சுரங்கத்தில் மின்சாரத்தால் ஓடிய முதல் பெரிய ரயில்பாதை அதுதான். அதன் எஞ்சின்களில் கியர் கிடையாது. மோட்டாரின் சுழலும் பகுதியைச் சக்கர அச்சின் மேலேயே அமைத்துவிட்டார்கள். மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. எவ்வளவு எளிமை, பாருங்கள்!

1900-இல் அதே நகரில் சென்ட்ரல் லண்டன் ரயில்வேயும் இதே முறையில், ஆனால் இன்னும் கனமான எஞ்சின்களோடு வந்தது. அங்கேதான் சிக்கல். ஓர் எஞ்சினின் எடை 44 டன். அதில் 33 டன் எடைக்கு ஸ்பிரிங் தாங்கலே இல்லை. அத்தனையும் தண்டவாளத்தின் மேல் நேராக இறங்கியது. லாரியில் ஸ்பிரிங் பட்டையைக் கழற்றிவிட்டுக் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். பாதைக்கு மேலே இருந்த கட்டடங்கள் அதிர்ந்தன, மக்கள் புகார் செய்தார்கள், அரசு விசாரணைக் குழு அமைத்தது. கியர் வைத்த மோட்டார்களையும், பெட்டிகளிலேயே மோட்டார் பொருத்திய ரயில்களையும் சோதித்தார்கள். அதிர்வு வெகுவாகக் குறைந்தது. 1903-க்குள் பழைய எஞ்சின்கள் சேவையிலிருந்து எடுக்கப்பட்டன.

இத்தோடு கதை முடிந்தது என்றால் என் மாணவன் எழுதியது சரிதான். ஆனால் முடியவில்லையே!

அமெரிக்காவின் மில்வாக்கி ரயில்பாதை நிறுவனத்துக்கு ஜெனரல் எலக்ட்ரிக் 1919-இல் ஐந்து எஞ்சின்கள் கட்டிக் கொடுத்தது. ஒவ்வொன்றிலும் கியர் இல்லாத 12 மோட்டார்கள். இம்முறை ஒரு மாற்றம் செய்தார்கள். சுழலும் பகுதி மட்டும் அச்சில் இருந்தது. கனமான காந்தப் பகுதியை ஸ்பிரிங் தாங்கும் சட்டத்துக்கு மாற்றினார்கள். வாஷிங்டன் மாநில மலைப்பாதையில் அவை பல்லாண்டுகள் உழைத்தன. ஆக, கியர் இல்லாததா லண்டனில் குற்றம்? இல்லை. எடையை வைத்த இடம்தான் குற்றம்.

இப்போது பாசார் செனி தகட்டுக்கு வருவோம். 1998 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ரயிலில் சக்கரத்தைச் சுழற்ற மோட்டாரே இல்லை. வட்டமான மோட்டாரை வெட்டி நீளமாக விரித்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் ஒரு பாதி ரயிலின் அடியில் இருக்கிறது. மறுபாதிதான் அந்தத் தகடு. ரயிலடியில் ஓடும் காந்தப்புலம் தகட்டில் மின்னோட்டத்தைத் தூண்டி, ரயிலை நேராகத் தள்ளுகிறது. இதற்கு நேரியல் மோட்டார் என்று பெயர். தள்ளும் விசை சக்கரத்தின் பிடிமானத்தை நம்பி இல்லாததால், மழையிலும் மேட்டில் ஏறுவது எளிது. குறையும் உண்டு: மோட்டாருக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டியிருப்பதால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. கனடாவின் வான்கூவர் நகரில் இதே தொழில்நுட்பம் 1980-களிலேயே வந்துவிட்டது.

ஜப்பானிலும் முயன்றார்கள். 2007-இல் ஜே.ஆர். கிழக்கு நிறுவனம், கியர் இல்லாத நிலைக்காந்த மோட்டார் பொருத்திய இ331 ரயிலைப் பயணிகள் சேவையில் விட்டது. ஒரே ஒரு ரயில்தான் கட்டினார்கள்; சில ஆண்டுகளில் அதுவும் நின்றுவிட்டது.

பாருங்கள், இந்த வரலாறு ஏணிப்படி போல ஒரே நேராக ஏறவில்லை. வந்தது, போனது, வேறு வடிவில் திரும்பியது. ஒரு கண்டுபிடிப்பு கைவிடப்பட்டால், 'மோசமானது, அதனால் அழிந்தது' என்று ஒரே வரியில் நாம் முடித்துவிடுகிறோம். அந்தக் காலத்துப் பொருளா, அமைப்பா, செலவா, எது தடுத்தது என்று கேட்பதில்லை. இயந்திரத்தைப் பற்றி இப்படி எழுதிப் பழகும் பிள்ளை, நாளை ஒரு தொழிலையோ மொழியையோ பற்றியும் அப்படித்தானே எழுதும்? தமிழாசிரியர்கள் நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்களேன். கைவிடப்பட்ட ஒரு பொருளை மாணவர்களிடம் கொடுங்கள். ஜார்ஜ்டவுனில் 1906-இல் ஓடத் தொடங்கி 1936-இல் நின்ற மின்சார டிராமையே கொடுக்கலாம். 'ஏன் நின்றது? எது மாறினால் திரும்பி வரும்?' என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

நானும் அந்த மாணவனின் கட்டுரையைத் திரும்ப வாங்கினேன். சரி போட்ட இடத்துக்குப் பக்கத்தில் 'உறுதியாகத் தெரியுமா?' என்று எழுதிக் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "தகட்டைப் பத்தி எழுதட்டுமா சார்?" என்றான்.

எழுதச் சொல்லியிருக்கிறேன்.