இறைவனோடு நெருங்கி நடத்தல்: ஒல்னி நகரத்து ஏக்கமும் அதன் வரலாற்றுப் பொருளும்

பக்தி இலக்கியத்தைப் பயில்வோர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். இறைவனை அடைந்துவிட்டோம் என்னும் களிப்பைக் காட்டிலும், அவனைப் பிரிந்து நிற்கின்றோமே என்னும் ஏக்கமே அவ்விலக்கியத்தின் பெரும் பகுதிக்கு உயிர்நாடியாக விளங்குகின்றது. மாணிக்கவாசகரின் திருவாசகம் இதற்குத் தக்க சான்றாகும். இவ்வேக்கம் கிறித்தவ மரபிலும் தொன்மையானது. விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஏனோக்கு என்பவர் தேவனோடு சஞ்சரித்தவராகச் சொல்லப்படுகின்றார். அவரைப் பற்றிய செய்தி ஒரு சில வசனங்களில் அடங்கிவிடுகின்றது. எனினும் இறைவனோடு ஒருவர் நாள்தோறும் உடன் நடத்தல் கூடும் என்னும் அவ்வெண்ணம் பிற்காலத்துக் கிறித்தவ அடியார் பலரின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிறு நகர் ஒன்றில் வாழ்ந்த இருவரிடத்து இவ்வேக்கம் எவ்வாறு தொழிற்பட்டது என்பதையும், வரலாற்று மாணவர் அதனை எவ்வாறு மதிப்பிடலாம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கால இங்கிலாந்துத் திருச்சபை அரசோடு பிணைந்த ஒரு நிறுவனமாக விளங்கியது. அறிவொளிக் காலச் சிந்தனையின் செல்வாக்கினால், கற்றோர் பலரிடத்துச் சமயம் நல்லொழுக்கமாகவும் சமூகக் கடமையாகவும் சுருங்கியிருந்தது. இந்நிலைக்கு எதிர்விளைவாகவே சுவிசேஷ எழுச்சி தோன்றியது. 1738 மே 24ஆந் திகதி இலண்டனில் ஜோன் வெஸ்லி பெற்ற அக அனுபவமும், 1739இல் வைற்பீல்டும் அவரும் பிறிஸ்டல் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு வெட்டவெளியில் ஆற்றிய பிரசங்கங்களும் இவ்வெழுச்சியின் தொடக்க நிகழ்வுகளுட் சிலவாகும். சடங்கினாலும் பதவியினாலும் அன்றித் தனிமனிதனின் உள்ளத்தினாலேயே இறைவனை அணுகலாம் என்பது இவ்வியக்கத்தின் அடிநாதமாக அமைந்தது.

இவ்வியக்கத்தின் அலை சென்றடைந்த இடங்களுள் ஒன்றே பக்கிங்ஹாம்ஷயரில், ஊஸ் ஆற்றங்கரையில் அமைந்த ஒல்னி என்னும் சிறு நகராகும். ரேந்தை பின்னும் தொழிலையே பெரிதும் நம்பி வாழ்ந்த வறியோர் நிறைந்த நகர் அது. 1764இல் அங்குக் குருவானவராக வந்தவர் ஜோன் நியூட்டன். 1725இல் இலண்டனிற் பிறந்து, இளமையிலேயே கடலோடியாகி, ஆபிரிக்கக் கரையில் அடிமை வியாபாரத்தில் ஈடுபட்டவர் அவர். 1748இல் அத்திலாந்திக் கடலில் வீசிய கடும் புயலின்போது இறைவனை நோக்கிக் கதறியதையே தம் மனமாற்றத்தின் தொடக்கமாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1767இல் ஒல்னியில் வந்து குடியேறியவர் கவிஞர் வில்லியம் கூப்பர். 1731இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த இவர், ஆறு வயதிலேயே தாயை இழந்தவர், சட்டம் பயின்றவர். 1763இல் பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் பதவிக்காகப் பரீட்சிக்கப்பட வேண்டியிருந்தபோது, அச்சம் மேலிட்டு மனநிலை குலைந்து தற்கொலைக்கு முயன்றார். சென்ற் அல்பன்சில் மருத்துவர் கொற்றனின் பராமரிப்பில் இருந்த காலத்தில், 1764இல், உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தை வாசித்து ஆறுதலடைந்தார். பின்னர் அன்வின் குடும்பத்தாருடன் வாழ்ந்தார். குடும்பத் தலைவர் 1767இல் குதிரையினின்று வீழ்ந்து இறக்கவே, அவர்தம் மனைவி மேரி அன்வினுடன் நியூட்டனின் அயலிற் குடியமர்ந்தார்.

நியூட்டனும் கூப்பரும் ஒல்னி மக்களின் செபக் கூட்டங்களிற் பாடுவதற்கெனப் பாடல்கள் இயற்றினர். இவை 1779இல் 'ஒல்னிப் பாடல்கள்' என்னும் பெயரில் நூலுருப் பெற்றன. 348 பாடல்களைக் கொண்ட அத்தொகுதியிற் பெரும்பான்மையானவை நியூட்டனுடையவை. கூப்பரின் பாடல்களுள், ஏனோக்கைப் பற்றிய விவிலியப் பகுதியை அடியாகக் கொண்டு, இறைவனோடு இன்னும் நெருங்கி நடக்க விழையும் பாடல் தனிச்சிறப்புடையது. 1769 டிசம்பரில், மேரி அன்வின் கடும் நோயுற்றுக் கிடந்த நாட்களில், பொழுது புலருமுன் அது தொடங்கப்பெற்றது. முன்னர்த் துய்த்த அமைதியை இழந்துவிட்ட உள்ளத்தின் வெறுமையையும், இறைவனுக்குரிய இடத்தைப் பற்றிக்கொண்ட அன்புப் பொருள் எதுவாயினும் அதனை விட்டுவிடும் துணிவுக்கான மன்றாட்டையும் அப்பாடல் புலப்படுத்துகின்றது. தமக்குத் தாய்போன்ற ஒருவரின் உயிர் ஊசலாடிக் கொண்டிருந்த வேளையில் எழுந்த மன்றாட்டு அது. அதனாலேயே அதன் துறவுணர்வு வெறும் உபதேசமாக ஒலிப்பதில்லை.

ஆயின் அம்மன்றாட்டுக்குக் கூப்பர் வேண்டிய விடை கிடைக்கவில்லை. பிற்காலத்தில் 'அமேசிங் கிறேஸ்' எனப் புகழ்பெற்ற தம் பாடலை 1773 ஜனவரி முதல் நாள் பிரசங்கத்துக்கென நியூட்டன் அமைத்திருந்தார். அதே ஆண்டின் தொடக்க மாதங்களில் கூப்பர் மீண்டும் மனநிலை குலைந்தார். தாம் இறைவனால் என்றென்றைக்கும் கைவிடப்பட்டதாக ஒரு கனவின்வழி நம்பினார். அதன்பின் ஆலயத்துக்குச் செல்வதையும் கைவிட்டார். நியூட்டன் அவரை ஓராண்டுக்கும் மேலாகத் தம் இல்லத்திலேயே வைத்துப் பராமரித்தார். எனினும் 1800இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள், அந்நம்பிக்கை கூப்பரைப் பெரும்பாலும் விட்டு நீங்கவில்லை.

நியூட்டனின் கடுமையான கல்வினிய இறையியலே கூப்பரின் மனத்தைச் சிதைத்தது என்பார் உளர். இக்கூற்றை முழுமையாக ஏற்றுக்கொள்ளுதல் அரிது. கூப்பரின் பெருங்குலைவு 1763இல், நியூட்டனைச் சந்திப்பதற்கு முன்னரே, நேர்ந்துவிட்டது. நோய் முந்தியது, சமயம் அந்நோய்க்கு முதலில் மருந்தாகவும், பின்னர் அது பேசும் மொழியாகவும் அமைந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும். அதேவேளை, ஒருவர் தம் அகவுணர்வையே இறையருளின் அளவுகோலாகக் கொள்ளத் தூண்டிய ஒரு சமயச் சூழல், உணர்வு வறண்ட காலத்தில் அவருக்குப் பெருஞ்சுமையாயிற்று என்பதையும் மறுத்தல் இயலாது.

அகவுணர்வு என்னும் அவ்வளவுகோலின் குறையை நியூட்டனின் வாழ்க்கை வேறொரு கோணத்திற் காட்டுகின்றது. 1748இல் மனம் மாறிய அவர், 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களின் தலைவராகப் பணியாற்றினார். ஞாயிறுதோறும் தம் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அவ்வேளையில் கப்பலின் அடித்தட்டில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். மேல்தட்டிற் செபித்தவருக்கு அடித்தட்டின் ஓலம் தம் செபத்துக்கு முரணாக அன்று தோன்றவில்லை. 1754இல் அத்தொழிலை அவர் விட்டதும் திடீர் நோயினாலேயாம். அவ்வியாபாரத்தை வெளிப்படையாகக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டது 1788இல். தம் அறிக்கை காலந்தாழ்த்தியது என்பதை அவரே அதில் ஒப்புக்கொண்டார். பின்னர்ப் பாராளுமன்ற விசாரணையிலும் சாட்சியமளித்தார். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிய 1807ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவர் காலமானார்.

இங்கு ஒரு முரண் புலனாகின்றது. இறைவன் தம்முடன் இருப்பதாக உறுதிகொண்டிருந்தவருக்குத் தம் காலடியிற் கிடந்தோரின் துயர் தெளிவாகத் தெரிய நாற்பது ஆண்டுகள் சென்றன. இறைவன் தம்மைக் கைவிட்டார் என நம்பியவரோ, அயலவரின் துன்பத்தைக் கண்டுகொண்டார். 1780இல் ரேந்தைத் தொழிலைப் பாதிக்கும் வரிக்கு எதிராக, ஒல்னியின் சுமார் 1200 தொழிலாளரின் பசியைச் சுட்டிக்காட்டி, இலண்டனிலிருந்த சட்டத்துறை நண்பர் ஒருவருக்குக் கூப்பர் கடிதம் எழுதினார். செல்வர் ஒருவர் இரகசியமாக வழங்கிய உதவிப் பணம் நகரத்து வறியோரைச் சென்றடைய உதவினார். 1785இல் வெளியான 'த ராஸ்க்' என்னும் நெடுங்கவிதையிலும் 1788இல் இயற்றிய பாடல்களிலும் அடிமை முறையைக் கண்டித்தார். தம்மளவில் ஒளியைக் காணாதவர் பிறருக்கு வழிகாட்டினார் எனல் மிகையாகாது.

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. நியூட்டன் 1783இல் தோற்றுவித்தோருள் ஒருவராக இருந்த இலண்டன் குருமார் கழகத்தின் உறுப்பினரே 1799இல் திருச்சபை மிசனரிச் சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றனர். அச்சங்கத்தின் முதற் பணியாளர் 1818இல் இலங்கைக்கு வந்தனர். அவருள் ஜோசப் நைற் நல்லூரைத் தம் நிலையமாகக் கொண்டார். யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியின் தொடக்கம் 1823இல் அங்கேயே நிகழ்ந்தது. ஒல்னி போன்ற இடங்களில் வளர்ந்த அக ஏக்கம், கடல் கடந்து நம் மண்ணிற் பள்ளிக்கூடமாக உருப்பெற்றது. ஆயினும் மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் இடையிலான அப்பழைய கேள்வி இங்கும் தொடர்ந்தது. மிசன் பாடசாலைகள் எழுந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும், 1920களின் இறுதியில், உதவி பெறும் பாடசாலைகளிற் சமாசனம் ஒரு போராட்டப் பொருளாகவே இருந்தது. ஒரே கூரையின்கீழ்ச் செபித்த பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்வது எளிதில் நிகழ்ந்துவிடவில்லை.

இறைவனோடு நெருங்கி நடக்கும் ஏக்கத்தை வெறும் உளநோய் என்றோ, சமூகத்தினின்று தப்பியோடும் வழி என்றோ ஒதுக்கிவிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. அவ்வேக்கம் மனிதரைப் பாடவும், பள்ளி அமைக்கவும், காலந்தாழ்த்தியேனும் தம் பிழையை அறிக்கையிடவும் செய்திருக்கின்றது. ஆனால் அவ்வேக்கம் கைகூடியதா என்பதைப் பக்தரின் நெஞ்சில் எழும் அமைதியைக் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. நடப்பவர் யாருடைய பக்கமாக நடந்தார் என்பதையும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குமிடத்து, தாம் தனித்து விடப்பட்டதாகவே எண்ணி மறைந்த கூப்பர், தாம் விரும்பிய வழியில் தாம் அறிந்ததைவிட நெடுந்தூரம் நடந்திருந்தார் என்றே கொள்ளத் தோன்றுகின்றது.