ஒரு செய்மதி பழுதானால் நம் லயத்தில் படம் நிற்கும்



அக்கரப்பத்தனை, டயகம, ஹோல்புரூக் பக்கம் எந்த லயத்தைப் பார்த்தாலும் கூரையில் டிஷ் இருக்கிறது. சில மேற்கே திரும்பியிருக்கும், சில கிழக்கே சாய்ந்து வானத்தைப் பார்க்கும். அவை எதைப் பார்க்கின்றன என்ற வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1982 பெப்ரவரி 15இல் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் (2,524 மீற்றர்) அதன் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. மலை நமக்குப் பக்கம்தான். ஆனால் தொலைக்காட்சி அலை வெளிச்சம் போல நேராகப் போவது. நடுவில் ஒரு மலை நின்றால் பள்ளத்து லயத்தில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

செய்மதிக்கு அந்தச் சிக்கல் இல்லை. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். சன் டைரக்ட் டிஷ் பார்க்கும் இந்தியச் செய்மதி 93.5 பாகை கிழக்கில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 73 பாகை உயரம், அதாவது உச்சிக்குக் கொஞ்சம் கீழே. எந்த மலையும் அதை மறைக்காது. பள்ளத்தில் இருக்கிற லயத்துக்கும் தெளிவான படம் வந்தது இதனால்தான்.

செனல்கள் பெருகியது எப்படி? செய்மதியில் டிரான்ஸ்பொண்டர் என்ற கருவிகள் இருக்கும். தரையிலிருந்து வரும் அலையை வாங்கித் திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. பழைய முறையில் ஒரு டிரான்ஸ்பொண்டரில் பெரும்பாலும் ஒரு செனல்தான். டிஜிட்டல் வந்ததும் படத்தைச் சுருக்கி, அதே இடத்தில் பல செனல்களை வைத்தார்கள். 2007 டிசம்பரில் வந்த சன் டைரக்ட், இன்னும் அதிகமாகச் சுருக்கும் எம்பெக்-4 முறையை இந்திய டிஷ் சேவைகளில் முதலில் பயன்படுத்தியது. அது நம்பியிருந்தது இன்சாட்-4பி என்ற ஒரே செய்மதியை.

2010 ஜூலை 7இல் அந்தச் செய்மதியின் சூரியத் தகட்டில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டது. டிரான்ஸ்பொண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் அவசரமாக மலேசியாவின் மீசாட்-3இல் இடம் வாங்கியது. அது அப்போது 91.5 பாகையில் நின்றது. வித்தியாசம் 2 பாகைதான், ஆனாலும் அதற்கு டிஷ்ஷைத் திருப்பியே ஆக வேண்டும்.

இது புதிய கதையும் அல்ல. 1982 ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏ அதே செப்டெம்பரில் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் இன்சாட்-1பி வந்த பிறகுதான் இந்தியா மூச்சுவிட்டது. 1997 ஜூனில் ஏவிய இன்சாட்-2டி ஒக்டோபரில் செயலிழந்தது. அப்போது கைகொடுத்தது அரபு நாடுகளின் அரப்சாட்-1சி. அதை விலைக்கு வாங்கி இன்சாட்-2டிடி என்று பெயர் மாற்றினார்கள்.

2015 நவம்பர் 11இல் ஏவப்பட்ட ஜிசாட்-15 அதே 93.5 பாகைக்கு வந்தது. இன்சாட்-4பியில் டிஷ் சேவைக்கான கியூ அலைவரிசை டிரான்ஸ்பொண்டர்கள் 12, இதில் 24. இடம் இரட்டிப்பானது. கிழவனான இன்சாட்-4பிக்கு 2022 ஜனவரியில் ஓய்வு கொடுத்தார்கள். மேற்கே பார்க்கும் டயலொக் டிஷ்ஷுக்கும் இப்படித்தான். 45 பாகையில் இருந்த இன்டெல்சாட்-12க்குப் பதிலாக, 2018 செப்டெம்பரில் ஏவிய இன்டெல்சாட்-38 அதே இடத்துக்கு வந்தது. பழையதின் இடத்துக்கே புதியது வருவதால் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பும் வேலை மிச்சம்.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். புதிய செய்மதி செனலைக் கூட்டும். ஆனால் சேவை நிலைத்து நிற்பது மாற்று ஒன்று தயாராக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

மேலே எத்தனை புதிய செய்மதி வந்தாலும் நம் மழை மாறாது. டிஷ்ஷுக்கு வரும் கியூ அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். பெருமழையின் துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும், படம் உறைந்துவிடும். மலையகத்தில் மண்சரிவு வருவதும் அதே மழையில்தான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய டிஷ் இந்திய வீடுகளுக்காக நடத்தப்படும் சேவை. சென்னை வானிலை அதில் வரும். நம் நாட்டுச் செனல்கள் வராது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டால், அந்த டிஷ் மட்டும் உள்ள வீட்டில் நாடகம்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

செய்மதிக்காரர்கள் மாற்று வைத்திருப்பது போல நாமும் வைத்திருப்போம். பேட்டரியில் பாடும் சின்ன ரேடியோ ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். ரேடியோவின் எப்எம் அலை டிஷ் அலையைப் போல மழைக்குப் பயப்படாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மழை நாளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு எச்சரிக்கையைப் போய்ச் சொல்லுங்கள்.