செஞ்சியிலிருந்து கடலுக்கு எவ்வளவு தூரம்?

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் குரூப். போன மே மாதம் செஞ்சிக்குப் போயிருந்தபோது செல்போனை என்னிடம் நீட்டினாள். "மாமா, இதுல சேரலாமா? கடல் அறிவியல் கோடை முகாம், பத்து நாள்." பள்ளி மாணவர்களுக்கு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நடத்துவது. கட்டணத்தைப் பார்த்த அக்கா, "இந்தக் காசுல ரெண்டு வருஷ டியூஷன் முடிஞ்சிடும். மலையடிவாரத்துல இருந்துக்கிட்டு கடலைப் பத்தி எதுக்குப் படிக்கணும்?" என்றார்.

அக்கா கேட்டதில் தப்பில்லை. நானும் அதே ஊரில் பிளஸ் டூ படித்தவன்தான். நட்சத்திர மீனை ரெக்கார்டு நோட்டில் அழகாக வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கினேன். உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எனவே அக்காவின் கேள்விக்கு விடை தேடி, கிடைத்த நேரத்தில் கொஞ்சம் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில், செஞ்சிக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை என்பது வரலாற்றுப்படி சரியில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் தங்கி வணிகம் செய்ய அனுமதி வாங்கியது செஞ்சி நாயக்கரிடம். அதே ஊரிலிருந்த கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியது, செஞ்சியில் இருந்த ராஜாராமின் மராத்திய அரசிடம். அதுதான் பிறகு புனித டேவிட் கோட்டை. பரங்கிப்பேட்டையும் ஒரு காலத்தில் செஞ்சியின் ஆட்சிக்கு உட்பட்டதே. ராஜகிரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடற்கரையில் யார் இறங்குகிறார்கள் என்பது அன்றாடக் கவலை. அவ்வளவு ஏன், செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு வில்லியனூர் வழியாகப் போய் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில்தான் கலக்கிறது.

இனி, கோடை முகாம் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1873 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அருகே, பெனிகீஸ் என்ற சின்னத் தீவில் லூயி அகாசி ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார். வந்தவர்கள் சுமார் ஐம்பது பேர், பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், பெண்களும் உண்டு. பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, கடலிலிருந்து எடுத்த உயிரை நேரில் பார்த்துப் படிப்பதுதான் முறை. அந்த டிசம்பரிலேயே அகாசி இறந்துபோனார். அடுத்த கோடையோடு பள்ளியும் மூடப்பட்டது. ஆனால் அந்த வழிமுறை சாகவில்லை. 1888இல் அதே கடற்கரையில் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கே கோடைக்கால வகுப்புகள் இன்றும் நடக்கின்றன.

1929இல் அந்த வுட்ஸ் ஹோலுக்கு ஒரு கோடையில் வந்து இறங்கிய 22 வயதுப் பெண் ரேச்சல் கார்சன். பென்சில்வேனியாவில் கடலே இல்லாத உள்நாட்டு ஊர்க்காரர், ஆற்றங்கரையில் வளர்ந்தவர். சிறுவயதிலிருந்து கடலைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தவர், அதை நேரில் பார்த்தது அப்போதுதான். 1951இல் கடலைப் பற்றி அவர் எழுதிய நூலும், 1962இல் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி எழுதிய 'மௌன வசந்தம்' நூலும் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன. "மலையடிவாரத்துல இருந்துக்கிட்டு எதுக்கு" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, அது அமெரிக்கா. நம்ம ஊர்ல? சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் உயிரினங்களைப் பற்றி 1890இலேயே குறிப்புகள் வெளியிட்டார். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி 1927இல் அதே அருங்காட்சியகம் தனி வெளியீடு கொண்டுவந்தது. விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுற்றுலா போன தீவு அது. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஆக, நம்மிடம் இடமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் கல்லூரியைத் தாண்டியவர்களுக்கானவை.

இளைஞர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட ஒரு பள்ளிக்கூடம் சென்னையில் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணையைச் சுற்றியிருந்தவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காக்க ஆரம்பித்தார்கள். 1988இல் மாணவர்கள் சேர்ந்து அதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்: மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு. ஜனவரி முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடை. பங்குனி ஆமை ஒரு தடவைக்கு நூறுக்கு மேல் முட்டையிடும். நாய்க்கும் ஆளுக்கும் தப்ப வைக்க, அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். 45 முதல் 50 நாளில் குஞ்சு வரும். மணலின் சூடுதான் அது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். தொடங்கிய மாணவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆமையைக் காப்பாற்றியது மட்டுமல்ல. எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தது என்று வருஷக்கணக்காக எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதுதான். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. இது வழக்கமானதா, வழக்கத்துக்கு மீறியதா என்று சொல்ல முந்தைய வருஷங்களின் கணக்கு வேண்டும். லாக் இல்லாத சர்வரில் பிழை தேடிய எவருக்கும் இந்தக் கஷ்டம் புரியும். எண்ணி வைத்தவன் ஒருத்தன் இருந்தால்தான், "ஏதோ தப்பா நடக்குது" என்பது வெறும் புலம்பலாக இல்லாமல் சாட்சியாக மாறும்.

ஆகவே, என் பார்வையில் இப்படிப்பட்ட முகாமின் பயன் சான்றிதழ் அல்ல. கல்லூரி விண்ணப்பத்தில் சேரும் ஒரு வரியும் அல்ல. பதினாறு வயதில் ஒரு பிள்ளை, புத்தகத்தில் விடை இல்லாத ஒரு கேள்வியைத் தன் கண்ணால் பார்த்து, எண்ணி, எழுதிப் பழகுவது. அதற்குப் பத்து நாள் வெளிநாடு அவசியமா என்பதுதான் அடுத்த கேள்வி. இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கூட்டிப்போக ஒரு ஆள் அவசியம். கரையோரப் பிள்ளைக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. வசதியான பிள்ளை விமானம் ஏறும். நடுவில் விட்டுப்போவது செஞ்சி மாதிரி ஊர்தான். மரக்காணம் இங்கிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 60 கி.மீ. அங்கே கடலும் உண்டு, உப்பளமும் உண்டு, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியும் உண்டு. இன்னொன்றும் கவனித்தேன். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. கடலை நன்றாக அறிந்தவர்களில் பலர் கரையிலேயே இருக்கும் காலம்!

அந்த வாரமே அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எந்த ஊரு பாப்பா?" என்றார். செஞ்சி என்றதும், "கோட்டைக்காரங்களா!" என்று சிரித்துவிட்டு, வலைக்கண்ணின் அளவு ஏன் மாறுகிறது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அவள் பத்தடிக்குப் பத்தடி மணலில் கோடு கிழித்து நண்டு வளைகளை எண்ணினாள். முதல் தடவை 41. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள், 38.

"எது மாமா சரி?"

"ரெண்டையும் எழுதிக்கோ. தேதியும் நேரமும் போடு" என்றேன்.

அந்த முகாமுக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த மே மாதம் அதே இடத்தில் மறுபடி எண்ண வேண்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். கூட நாலு தோழிகள் வருகிறார்களாம். செஞ்சிப் பக்கம் ஆசிரியராக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு வேன் பிடிப்பதைப் பற்றி யோசியுங்கள்.