காய்ச்சலில் தானாகக் குறையும் கொலஸ்ட்ரால்: மாத்திரையை நிறுத்தலாமா?

டெங்குக் காய்ச்சலின்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் திடீரென நார்மலுக்கு வந்திருக்கிறதா? 'அப்பாடா, குறைஞ்சிடுச்சு' என்று மாத்திரையை ஓரங்கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏன் குறைகிறது?

கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் புரதத் துகள்களைத் தயாரிப்பதில் கல்லீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. தொற்று வந்ததும், நோயை எதிர்க்கத் தேவையான வேறு புரதங்களைத் தயாரிப்பதில் அது இறங்கிவிடும். டெங்கு தீவிரமானால் ரத்தக்குழாய்களில் இருந்து நீர் கசியும். அதோடு இந்தத் துகள்களும் வெளியேறலாம். சில நாட்கள் சரியாகச் சாப்பிடாததும் சேர்ந்துகொள்ளும். இதனால் 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்., 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். இரண்டுமே இறங்கும். ட்ரைகிளிசரைடு மட்டும் பெரும்பாலும் ஏறும்.

குறைந்தால் நல்லதுதானே?

இல்லை. டெங்கு, கொரோனா இரண்டிலுமே நோய் தீவிரமானவர்களுக்கு, லேசான பாதிப்பு உள்ளவர்களைவிட கொலஸ்ட்ரால் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது, இந்தக் குறைவு உடல் எவ்வளவு போராடுகிறது என்பதன் அடையாளம். அதற்காக நெய்யும் முட்டையும் சாப்பிட்டு கொலஸ்ட்ராலை ஏற்றினால் நோய் குணமாகிவிடாது.

மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. ஏனென்றால், வைரஸ் தொற்று நேரத்தில் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு இருந்ததாக அது கண்டறிந்தது.

அதேநேரம், கல்லீரல் பாதிப்பு அதிகமாக இருந்தால் ஸ்டேட்டின் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தும்படி டாக்டரே சொல்லலாம். கொரோனாவுக்குத் தரப்படும் பாக்ஸ்லோவிட் மாத்திரையுடன் சிம்வாஸ்டேட்டின் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. எனவே, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னால், 'மறுபடி எப்போ ஆரம்பிக்கணும்?' என்று கையோடு கேட்டுவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

எப்போது டெஸ்ட் எடுப்பது?

காய்ச்சல் நேரத்து கொலஸ்ட்ரால் அளவு உங்கள் வழக்கமான அளவு அல்ல. உடல் தேறத் தேற அது பழைய நிலைக்கே ஏறிவிடும். முழுமையாகக் குணமாகி 6 முதல் 8 வாரங்கள் கழித்து எடுக்கும் டெஸ்ட்தான் சரியான கணக்கைச் சொல்லும்.

மாஸ்டர் செக்கப்புக்கு ஏற்கெனவே தேதி வாங்கியிருந்து, இடையில் காய்ச்சல் வந்துவிட்டதா? கொலஸ்ட்ரால் டெஸ்ட்டைத் தள்ளிப்போடுவதே நல்லது. எடுத்தே ஆக வேண்டும் என்றால், சமீபத்தில் காய்ச்சல் வந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை அவர் சரியாகப் புரிந்துகொள்ள அது உதவும்.